அண்ணன் காரின் முன்கண்ணாடி

என் அண்ணனைக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துகிற வேலை அவருக்கு. முப்பத்தைந்து வருடமாக அதே ஸ்டூல். முன்னால் இருந்து முதலாளி, "என்ன மில்லிமீட்டர், ஆச்சா இல்லையா? கஸ்டமருக்குப் பார்வையே சரியாயிடும் போலிருக்கு" என்று கத்துவார். "இன்னும் அரை மில்லிமீட்டர் இருக்கு சார்" என்பார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

அதே அறையில், அவருக்கு இரண்டடி தள்ளி நான் உட்கார்ந்திருப்பேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்துவிட்டதால் கூட இருக்க ஆள் தேவைப்பட்டது. அம்மா போன பிறகு அண்ணன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார், கடையிலும் சேர்த்துவிட்டார். முன்னால் நின்று ஆட்களோடு பேசுகிற வேலை எனக்கு ஆகாது. யாராவது என்னிடம் நேராக எதையாவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். அதனால் துடைக்கிற வேலை. லென்ஸில் அளவுக்காக மையால் புள்ளியும் கோடும் போட்டிருப்பார்கள். அதை அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் போகத் துணியால் ஒற்றி, பெட்டியில் வைப்பேன். ஒரு நாளைக்கு அறுபது ஜோடி. கண்ணாடி லென்ஸ், பிளாஸ்டிக் லென்ஸ் எல்லாவற்றுக்கும் அசிட்டோன்தான். உடையாத லென்ஸ் என்று ஒரு வகை உண்டு, அதற்கு மட்டும் ஆகாது. அதைத் தனித் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். தட்டைப் பார்த்தால் போதும், நான் யோசிக்க வேண்டியதில்லை.

வீட்டில் அண்ணன் வேறொரு ஸ்டூலில் உட்கார்ந்து கார் கட்டுவார். பிளாஸ்டிக் கார். கிட் என்கிற அட்டைப்பெட்டிக்குள் நூறு நூற்றைம்பது பாகங்கள் கம்பிச்சட்டம் மாதிரி ஒன்றோடொன்று இணைந்து வரும். ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, வர்ணம் பூசி, ஒட்டினால் நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கார் வரும். பானட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்கும், எஞ்சினிலிருந்து தலைமுடி போல ஒயர் போகும். அண்ணனுக்கு நிஜக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். ஒரு காருக்கு நாலு மாதம், ஐந்து மாதம் ஆகும். கடையில் யார் கண்ணுக்கோ தேய்த்த கை, வீட்டில் தனக்காகத் தேய்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணிக்கு இதில் சிரிப்புத்தான், கோபம் இல்லை. "கல்யாணம் பேச வந்தன்னிக்கு இவரு என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல தெரியுமா? என் கண்ணாடியைக் கழட்டி, ஃப்ரேம் கோணலா இருக்குன்னு நிமித்திக் கொடுத்தாரு. எங்கப்பா மிரண்டு போயிட்டாரு" என்று எல்லோரிடமும் சொல்லுவார். அண்ணன் பக்கத்தில் இருந்தால், "ரெண்டு மில்லிமீட்டர் கோணல்" என்பார். அதற்கும் சிரிப்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அவள் அறைதான் அண்ணனின் கார் அறை ஆனது.

ஒரு தடவை அண்ணி அந்த அறையில் தூசி தட்டியபோது, முடிந்த கார் ஒன்றின் பக்கக் கண்ணாடி ஒடிந்துவிட்டது. அரிசியில் பாதி அளவுதான் இருக்கும். தரையில் தவழ்ந்து மூவரும் தேடினோம், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மேசையை யாரும் தொடக் கூடாது என்று ஆனது. நான் உள்ளே உட்காரலாம். பேச மாட்டேன், எதையும் எடுக்க மாட்டேன் என்பதால்.

பெரிய கார் ஒன்று வந்தது போன வருடம். இரண்டே வருடம் தயாரித்து நிறுத்திவிட்ட கிட் அது. அச்சு உடைந்துபோனதால் திரும்பப் போடவே இல்லையாம். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்திய சரக்கு, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிக்காமல் ஒரு பழைய வாடிக்கையாளரிடம் இருந்தது. அவர் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் ஒன்பது வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் போனப்புறம் எடுத்துக்கப்பா" என்று அவர் சொல்லுவார். "அவசரமில்ல சார், நீங்க நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் அடுத்த மாதமும் கேட்பார். கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது. அண்ணன் கட்டியதிலேயே நல்ல கார்களாக ஆறு கொடுப்பது, அதற்குப் பதில் அந்தப் பெட்டி. ஆறு கார் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்.

பெட்டியைத் திறந்த அன்று அண்ணன் முதலில் பார்த்தது முன்கண்ணாடியைத்தான். பழைய கிட்டில் டயர் ரப்பர் பட்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் உருகிப்போயிருக்குமாம். இதில் டயர்கள் தனி உறையில் இருந்தன. கண்ணாடியை இடுக்கியால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே துண்டாக வளைந்து வருகிற கண்ணாடி. "பாத்தியா பாப்பா, நாப்பத்தஞ்சு வருஷம். ஒரு கீறல் இல்ல" என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் பாப்பாதான்.

காரின் உடம்புக்கு வர்ணம் பூசவே ஒன்றரை மாதம் ஆனது. மெல்லிசாக ஒரு பூச்சு, இரண்டு நாள் காயவைப்பு, தேய்ப்பு, மறுபடி பூச்சு. கரும்பச்சை. அதன் மேல் முகம் தெரிந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மெல்லிய தூரிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அண்ணி கார் அறைக்குள் போய் அண்ணன் குடித்துவைத்த டீ கப்பை எடுத்துக்கொண்டு வந்து, மாடியில் துணி காயப்போடப் போனார். நான் வழக்கம்போல உள்ளே போய் உட்கார்ந்தேன். முன்கண்ணாடி வெள்ளைத்தாளின் மேல் தனியாக இருந்தது. அன்று மாலை அண்ணன் அதைப் பொருத்துவதாக இருந்தார். அதன் ஓரத்தில் ஒரு விரல்ரேகை.

முப்பது வருடமாக அழுக்கான லென்ஸைப் பார்த்தால் துடைப்பதுதான் என் வேலை. என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன அசிட்டோன் புட்டி இருக்கும், பாத்திரத்தில் ஒட்டிய லேபிள் பசை எடுக்க. அண்ணன் வந்து பார்க்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பஞ்சை நனைத்து ஒரே இழுப்பு இழுத்தேன்.

பால் கொட்டிய மாதிரி வெளுத்தது. பயந்து இன்னொரு தடவை துடைத்தேன். பஞ்சின் இழை அதில் ஒட்டிக்கொண்டது. மேற்பரப்பு பசையாக இளகி, உடனே இறுகிவிட்டது. விரல்ரேகை இருந்த இடத்தில் இப்போது பனி படிந்த மாதிரி ஒரு பட்டை, நடுவில் நாலைந்து வெள்ளை இழை.

தாளின் மேல், இருந்த அதே கோணத்தில் வைத்தேன். புட்டியைப் பைக்குள் போட்டேன். வெளியே வந்து காய் நறுக்க உட்கார்ந்தேன். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் விழுந்தன. அதுதான் இப்போது நினைத்தால் எனக்குப் பிடிக்காமல் இருக்கிறது.

அண்ணன் வந்தார். உள்ளே போனார். பிறகு அறை வாசலில் வந்து நின்று, மாடியிலிருந்து இறங்கியிருந்த அண்ணியைப் பார்த்தார்.

"மேசையைத் துடைச்சியா?"

"எந்த மேசையை? நான் கப்பை எடுக்கத்தான் போனேன்."

"முன்கண்ணாடி போச்சு. பஞ்சு ஒட்டிக் கெடக்கு."

"ஐயோ. நான் தொடலைங்க."

"சரி."

"சரின்னா என்ன அர்த்தம்?"

"சரின்னா சரி."

"நான் தொடலைன்னு சொல்றேன். நீங்க சரிங்கறீங்க. நம்புறீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அண்ணன் மறுபடி அறைக்குள் போய்விட்டார். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பேசாதவர்கள் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. வாயில்லாப் பூச்சி என்று அண்ணியே என்னைச் சொல்லுவார். நான் குனிந்து காய் நறுக்கினேன்.

மறுநாள் அண்ணன் கொண்டியும் பூட்டும் வாங்கி வந்து அந்த அறைக்குப் போட்டார். இரண்டு சாவி. ஒன்று அவர் சட்டைப்பையில். இன்னொன்றை என்னிடம் நீட்டி, "உன்கிட்ட இருக்கட்டும் பாப்பா" என்றார். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிப் பைக்குள் போட்டேன். அசிட்டோன் புட்டியின் மேல் விழுந்து சாவி டிங் என்றது.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்தின வீட்ல எனக்குப் பூட்டு" என்று அண்ணி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று குளியலறைக்குள் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, அது நான்." மூன்று சொல். வெளியே வந்தால் வரவில்லை. கடையிலும் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தேய்க்கிற இயந்திரத்தின் சத்தம் நின்றதும் சொல்லலாம் என்று காத்திருப்பேன். நின்றதும், அடுத்த லென்ஸ் ஆரம்பித்ததும் சொல்லலாம் என்று தோன்றும்.

மூன்றாம் நாள் அண்ணி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் யாரோடோ பேசப் போய்விட்டார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் வாடை வந்தது. அண்ணன்தான் ஓடிப்போய் மூடினார். மூடிவிட்டு, திரும்பாமலே, "உங்கம்மா மாதிரி ஆயிட்டு வர்றே" என்றார்.

அண்ணியின் அம்மா கடைசி நாலு வருடம் பெற்ற மகளையே யார் என்று கேட்டவர். அண்ணிதான் போய்ப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்.

அண்ணி அன்று அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். அதன் பிறகு சிரிப்பும் பேச்சும் குறைந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். குழம்பில் உப்புப் போட்டேனா என்று என்னிடம் கேட்பார். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நான் அந்த ரூமுக்குள்ள போனேன்ல?"

"கப்பு எடுக்கப் போனீங்க அண்ணி."

"கப்பு எடுத்தது ஞாபகம் இருக்கு. அந்தக் கண்ணாடியைப் பாத்தேன், அதுவும் ஞாபகம் இருக்கு. துடைச்சது ஞாபகம் இல்ல. ஆனா துடைச்சிருக்கு. அப்போ நானே துடைச்சிட்டு மறந்துட்டேனோ?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கெட்ட காரியம் எது என்று கேட்டால், கண்ணாடியைக் கெடுத்தது இல்லை. அந்தத் துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போனதுதான்.

அடுத்த வாரம் அண்ணி நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். அண்ணனிடம் சொல்லவில்லை. "நீ கூட வா. அவர்கிட்ட பல்லு வலின்னு சொல்லிக்கலாம்" என்றார். கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரி. நீல நாற்காலிகளை வரிசையாகத் தரையோடு முடுக்கி வைத்திருந்தார்கள். எங்களுக்கு டோக்கன் பதினேழு. அப்போது பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் ஒரு கிழவர் தன் மகனிடம், "நாம எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி அவரையே பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். பின்பக்கத்தில் வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தார்.

"மறந்ததையெல்லாம் எழுதிட்டு வரச் சொன்னாங்க. கேளு. ஒண்ணு, கண்ணாடியைத் துடைச்சது. ரெண்டு, பால். மூணு, குடையைப் பஸ்ல விட்டது. நாலு, மாப்பிள்ளையோட அக்கா பேரு வரல. வேற என்ன? கூட இருக்கிறவங்கதான் சரியா சொல்லுவாங்களாம். நீதான் எல்லாத்தையும் பாத்துட்டே இருப்பியே. சொல்லு."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணாவது தப்பு அண்ணி."

"என்ன தப்பு?"

"அது நான்."

அவருக்குப் புரியவில்லை. "எது நீ?" என்றார்.

"நான்தான் துடைச்சேன். கடை அசிட்டோன்ல. நீங்க மாடியில இருந்தப்போ."

பன்னிரண்டு என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஒரு அம்மா எழுந்து போனார். அண்ணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் வரியின் மேல் மெதுவாக ஒரு கோடு போட்டார். இன்னொரு கோடு போட்டார். தாள் கிழிகிற அளவுக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"பதினோரு நாள்."

"பதினோரு நாளா என் மூஞ்சியைப் பாத்துட்டுச் சாப்பிட்டே."

"ஆமாம் அண்ணி."

"பால் பொங்கினது நான்தானே? அதுவும் நீயா?"

"இல்ல அண்ணி. அது நீங்கதான்."

"பரவால்ல. அதையாவது விட்டு வெச்சியே" என்றார். கேலி மாதிரி ஆரம்பித்தது, முடியும்போது குரல் உடைந்துவிட்டது. எதிரில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். நான் அண்ணியின் கையைத் தொடப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

பதினேழு வந்ததும் எழுந்தார். நானும் எழுந்தேன். "நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து வந்தார்.

"ஒண்ணுமில்லையாம். தூக்கம் இல்லாததுதானாம். நல்லாத் தூங்குங்கன்னாரு. தூக்கம் ஏன் போச்சுன்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட் காலியாக இருந்தது. அண்ணி முன்னால் போய் வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் அண்ணன் வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் அண்ணி வாசலில் நின்றார். "உங்க தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். செருப்பைக் கழட்டிட்டு நல்லா உக்காந்து கேளுங்க."

சொன்னேன். இரண்டாவது தடவை என்பதால் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எதுல துடைச்சே?"

"அசிட்டோன்."

"பஞ்சுலயா, துணியிலயா?"

"பஞ்சு."

"துணியா இருந்தா இவ்வளவு..." என்று ஆரம்பித்தார்.

அண்ணிக்கு வந்ததே கோபம். "பஞ்சா துணியாவா கேக்கறீங்க? நான் தொடலைன்னப்போ இதைக் கேட்டீங்களா? எனக்குப் பூட்டுப் போட்டீங்க. இவளுக்குச் சாவி கொடுத்தீங்க. இப்ப இவளுக்கு என்ன போடப் போறீங்க, சங்கிலியா?"

அண்ணன் எழுந்து போய், மூக்குக்கண்ணாடிக்கு முடுக்குகிற சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து கொண்டியைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த முனை அந்தத் திருகுக்குப் போதாது. வழுக்கி வழுக்கிப் போனது. வேறு டிரைவர் எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு. நாலு திருகுக்கு அரைமணி நேரம் ஆனது. கடைசித் திருகு வெளியே வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்கம்மா மாதிரின்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா" என்றார் அண்ணி.

அதற்கு மேல் அவர்கள் அதைப் பேசி நான் கேட்டதில்லை. கதவு நிலையில் நாலு ஓட்டைகள் இருந்தன. அண்ணன் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துத் தேய்த்திருக்கிறார். கை வைத்துத் தடவினால்கூடத் தெரியாது. எங்கே என்று எனக்குத் தெரியும்.

கார் மூன்று மாதம் கழித்து முடிந்தது. கெட்டுப்போன கண்ணாடியை அச்சாக வைத்து, மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அழுத்திப் புதிதாக ஒன்று செய்தார். பதினான்காவது தடவைதான் சரியாக வந்தது. அப்போதும் இடது மூலையில் வளைவு கொஞ்சம் தட்டைதான். ரேடியோக்காரர் வந்து பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, "அற்புதம்ப்பா" என்றார். அண்ணன், "இடது பக்கம் அரை மில்லிமீட்டர் சரியில்ல சார்" என்றார். ஏன் என்று அவர் கேட்டார். "அது அப்படி ஆயிடுச்சு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. நான் இன்னும் அந்த அறையில் உட்காருகிறேன். ஆனால் இப்போதெல்லாம் வெளியே போகும்போது, செய்துகொண்டிருப்பது எதுவாக இருந்தாலும் ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டுப் போகிறார். முன்பு அப்படிச் செய்ததில்லை. என்னைப் பார்க்காமல்தான் மூடுவார், நான் வருத்தப்படுவேன் என்று.

அந்தக் காலண்டர் தாள் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா என்று என்னையே பல தடவை கேட்டுக்கொண்டேன். சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

அண்ணி என்னோடு பேசுகிறார். பத்துப் பதினைந்து நாளில் சிரிப்பும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் மாறிவிட்டது. கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இல்லையென்றால், கதவு திறந்து கிடந்தால், சர்க்கரை டப்பா இடம் மாறியிருந்தால் அண்ணி அப்படியே நின்றுவிடுவார். முன்பு தானே தேடுவார். இப்போது முதலில் என்னைக் கூப்பிடுகிறார்.

"ஏய், கத்தரிக்கோலை நீ எடுத்தியா, நான் எடுத்தேனா?"

சண்டைக்குக் கேட்பதில்லை. அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் எந்த மூலையில் இருந்தாலும், கையில் என்ன வேலை இருந்தாலும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன், பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி. "நான்தான் அண்ணி, மாடியில இருக்கு." இல்லையென்றால், "நீங்கதான் எடுத்தீங்க அண்ணி, காலையில, பால் பாக்கெட் வெட்ட." நான்தான் என்று சொல்ல முடிகிற நாளில் அண்ணியின் முகம் தெளிகிறது. அதற்காக ஒன்றிரண்டு தடவை நான் எடுக்காததையும் நான் எடுத்தேன் என்று சொல்லலாமா என்று தோன்றியிருக்கிறது. சொன்னதில்லை.